எடை ஏறாத குட்டிக் குழந்தைக்கு ஊட்டும் கணக்கு

ரஸ்ஸல் சில்வர் சிண்ட்ரோம், அதாவது வயிற்றில் இருக்கும்போதே வளர்த்தியைக் குறைக்கும் அரிய பிறவி நோய், என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வீட்டுக்கு வந்ததும் ஆயா செய்யும் முதல் வேலை, சோற்றுக் கிண்ணத்தைப் பெரிதாக்குவது. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குப் பசி குறைவு. வயிறு மெதுவாகத்தான் காலியாகும். கொஞ்சம் கூடுதலாக ஊட்டினாலும் முழுசாக வாந்தியில் போய்விடும். கிண்ணம் சின்னதாகவே இருக்கட்டும். உள்ளே இருப்பது கெட்டியாக வேண்டும், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே உள்ள நேரம் குறைய வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டையும் வீட்டில் எப்படிச் செய்வது என்பதுதான்.

இங்கே தரும் சமையல் அளவுகள் ஒரு வயது தாண்டிய, வாயால் சாப்பிடும் குழந்தைக்கானவை. கைக்குழந்தைக்கோ, மூக்குக் குழாய் வழியாக உணவு போகும் குழந்தைக்கோ டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லும் அளவுதான்.

முதலில் நோயின் பெயர்

குட்டியாக, நோஞ்சானாக இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பிராடர் வில்லி என்ற வேறொரு மரபணு நோய் உள்ள குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போது பால் உறிஞ்சவே தெம்பில்லாமல் கிடக்கும். இரண்டு வயதுக்குப் பிறகு எடை ஏறத் தொடங்கி, பின்னால் பசி அடங்கவே அடங்காது. அந்தப் பிள்ளைக்கு நெய் ஊற்றிப் பழக்கினால் ஆபத்து. தைராய்டு குறை, இதய ஓட்டை, சிறுநீரகக் கோளாறு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், காசநோய் எல்லாமே எடையைப் பிடித்து வைக்கும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் உணவுத் திட்டம்.

ரஸ்ஸல் சில்வரை அடையாளம் காண டாக்டர்கள் ஆறு விஷயங்களைப் பார்க்கிறார்கள். பிறக்கும்போதே எடை அல்லது நீளம் மாதக் கணக்குக்கு மிகக் குறைவு, பிறந்த பிறகும் வளர்த்தி எட்டிப் பிடிக்காமை, உடம்போடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும் தலை, துருத்திய நெற்றி, உடலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சிறுத்திருப்பது, சாப்பிட வைப்பதில் கஷ்டம் அல்லது மிகக் குறைந்த எடை. இவற்றில் குறைந்தது நான்கு பொருந்தினால் சந்தேகம் வலுவாகிறது.

மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸோம் என்ற விலை கூடிய பரிசோதனையில் இந்த நோய் பெரும்பாலும் பிடிபடாது. 11ஆம் குரோமோசோமில் மெத்திலேஷன் (மரபணு வேலை செய்வதைக் கட்டுப்படுத்தும் ரசாயனக் குறி) குறைந்திருக்கிறதா, 7ஆம் குரோமோசோம் இரண்டும் தாயிடமிருந்தே வந்திருக்கிறதா என்று பார்க்கும் தனிப் பரிசோதனை, அதாவது எம்.எஸ்.எம்.எல்.பி.ஏ. போன்றது வேண்டும். அதிலும் சுமார் 40 சதவீதம் பேருக்கு எதுவும் தெரியாது. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்ததாலேயே நோய் இல்லை என்றாகிவிடாது.

குண்டாக்குவது இலக்கு இல்லை

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடையைப் பார்த்து ஓடாதீர்கள். இவர்களுக்குத் தசை குறைவு. அதனால் நீளத்துக்கு 'சரியான' எடை என்று அட்டவணை சொல்லும் இடத்துக்குக் கொண்டுபோனாலே அதில் கொழுப்பு அதிகமாகிவிடும். வேகமாக எடை ஏற்றினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம், எலும்பு வயது (எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்ற கணக்கு) முந்தலாம், பருவ மாற்றங்கள் சீக்கிரம் தொடங்கலாம். எலும்பு வயது முந்தினால் கடைசி உயரம் குறையும். குழந்தையை உயரமாக்க நினைத்து ஊட்டியதே குள்ளமாக்கிவிடும். ஆகவே, சாதாரணப் பிள்ளைகளைவிட ஒல்லியான ஓர் இலக்கைத்தான் டாக்டர் வைப்பார். அந்த இலக்கு எத்தனை கிலோ, எத்தனை மாதத்துக்குள் என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். விலா எலும்பு தெரிவதைப் பார்த்து மாமியார் கண்ணீர் விட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

எடை பார்க்கும் முறை

தினமும் நிறுத்துப் பார்ப்பது மனதைக் கெடுக்கும், வேறு பயனில்லை. ஒரு முறை மலம் கழித்தாலே இந்தக் குழந்தைகளின் எடையில் 100 கிராம் முன்பின் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே மெஷினில், காலையில் சாப்பாட்டுக்கு முன், துணி இல்லாமல் பாருங்கள். 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் மெஷின் நல்லது. இரண்டு வயதுவரை நீளத்தைப் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்குப் பிறகு நிற்க வைத்து. படுத்த அளவு நின்ற அளவைவிட ஏறக்குறைய 0.7 செ.மீ. கூடுதலாக வரும். முறை மாறிய மாதத்தில் 'உயரம் குறைஞ்சிடுச்சே' என்று பதறுவது இதனால்தான்.

பால்வாடியில் ஒரு சங்கடம் வரும். அங்கே கை நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்று பதிவேட்டில் ஏறிவிடும். இந்தக் குழந்தை எடையிலும் கீழேதான் இருக்கும். டீச்சர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். நோயின் பெயர், எடை இலக்கு, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பதிவேட்டோடு வைக்கச் சொல்லுங்கள். சத்துமாவும் முட்டையும் கிடைப்பதை விடாதீர்கள்.

கிண்ணத்துக்குள் என்ன

சாதாரணமாக வீட்டில் கரைக்கும் கஞ்சியைக் கணக்குப் பார்ப்போம். 10 கிராம் சத்துமாவு 150 மி.லி. தண்ணீரில் கொதித்தால் சுமார் 40 கலோரி. குழந்தையின் வயிறு நிறைந்துவிடும், உடம்புக்குக் கிடைப்பது ஒரு டீஸ்பூன் நெய்யின் அளவு. அதையே 20 கிராம் மாவு, ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் பால் 100 மி.லி., கொஞ்சம் தண்ணீர், இறக்கியதும் 1 டீஸ்பூன் நெய் என்று செய்தால் 200 கலோரி வரும், கிண்ணம் அதே அளவுதான். ஆரஞ்சில் 6 சதவீதக் கொழுப்பு, நீலத்தில் 3. வீட்டில் மற்றவர்களுக்கு நீலம் வாங்கினாலும் குழந்தைக்கு மட்டும் ஆரஞ்சு வாங்கலாம். பால்வாடி சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே உண்டு, மேலே சர்க்கரை போட வேண்டாம்.

மாவைக் கூட்டினால் கஞ்சி களி மாதிரி இறுகும். இந்தப் பிள்ளைகளுக்குத் தாடை சிறியது, மெல்லும் தெம்பு குறைவு, இறுகியதை நாக்கால் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் ஊற்றி இளக்கினால் பழையபடி வயிறு நிறையும். இதற்கு நம்மூர்ச் சமையலறையிலேயே வழி இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு மாவு. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை அரை விரற்கடை வரும்வரை விடுங்கள். சென்னை வெயிலில் ஒன்றரை நாள் போதும். நிழலில் நன்றாகக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். வறுக்கக் கூடாது. முளையில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதிதான் மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்குகிறது, வாணலியில் போட்டு மணக்க வறுத்தால் அது செத்துவிடும். கடையில் விற்கும் வறுத்த முளைகட்டிய மாவு இந்த வேலைக்கு ஆகாததும் இதனால்தான்.

செய்முறை: மாவைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, ஆவி அடங்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். கொதிக்கும்போதே போட்டால் நொதி வேலை செய்யாது. முளைமாவு 1 டீஸ்பூன் தூவிக் கலக்கி 5 முதல் 10 நிமிடம் மூடி வையுங்கள். களி, பாயசம் பதத்துக்கு இளகிவிடும். பிறகு மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பச்சை மாவில் கிருமி இருக்கும், அந்தக் கொதியைத் தவிர்க்காதீர்கள். நெய் கடைசியில்.

சோற்று வேளைக்கு: குழைந்த சாதம் 60 கிராம், கெட்டிப் பருப்பு 2 மேஜைக்கரண்டி, நெய் 1 டீஸ்பூன். ஏறக்குறைய 150 கலோரி. அதே கிண்ணத்தில் ரசம் சாதம் பாதி கூடத் தேறாது. ரசம் கெட்டதில்லை, ஆனால் இந்த வயிற்றில் அதற்கு இடமில்லை. அவித்த முட்டையின் மஞ்சளை மசித்துச் சேர்த்தால் இன்னும் 55 கலோரி. வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, பவுடராக அரைத்து 2 டீஸ்பூன் கலக்கலாம், ஒவ்வாமை இருக்கிறதா என்று முதல் சில தடவை கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள். முழுக்கடலை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும்.

நெய் மட்டுமே எடை தராது. தசைக்குப் புரதம் வேண்டும், இவர்களுக்குக் குறைவாக இருப்பதே தசைதான். காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு மீன் சுலபம். நெத்திலியைத் தலை கிள்ளி அவித்து மசிக்கலாம், சங்கராவில் முள் பார்த்து எடுக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்குச் சுறாப்புட்டு செய்வது வழக்கம், மிச்சத்தைக் குழந்தைக்கு ஊட்டுவதும் வழக்கம். மற்ற மீன்களைத் தின்னும் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேரும், குழந்தைக்கு வாராவாரம் சுறா வேண்டாம். சின்ன மீனே மேல்.

ஒரு சேதி: எதையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். கொழுப்பு கூடினால் வயிறு இன்னும் மெதுவாகக் காலியாகும், வாந்தி வரும். இன்றைக்கு ஒரு வேளைக்கு அரை டீஸ்பூன் நெய். மூன்று நாள் பார்த்து, வாந்தியும் பேதியும் இல்லையென்றால் அடுத்த வேளைக்கு அரை டீஸ்பூன்.

பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு, டப்பாவில் போட்டிருக்கும் அளவு மாறக் கூடாது. நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் 30 மி.லி. தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு ஸ்கூப். டப்பா நாள்பட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவது எடை நிற்பதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். எடை ஏறட்டும் என்று ஸ்கூப்பைக் கூட்டினால் சிறுநீரகத்துக்குச் சுமை, மலம் கட்டும். கெட்டியாகக் கலக்குவது டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

நேரம்

காலை 6:30 பால், 8:30 கஞ்சி, 11 மணிக்கு முட்டை அல்லது மசித்த வாழைப்பழத்தில் கடலைத்தூள், 1:30 பருப்புச் சாதம், 4 மணிக்கு மறுபடி கஞ்சி, 6:30க்கு இட்லியில் நல்லெண்ணெய் பிசைந்து, படுக்குமுன் பால். இது ஒரு மாதிரிதான், உங்கள் வீட்டு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இரண்டரை மணிக்கு ஒரு வேளை என்பதும், நடுவில் வேறெதுவும் இல்லை என்பதும்தான் விதி. கையில் ஒரு பிஸ்கட், கொஞ்சம் ஜூஸ், ஒரு பாக்கெட் சிப்ஸ் என்று கொறித்துக்கொண்டே இருந்தால் இருக்கிற கொஞ்சப் பசியும் போய்விடும். பாலும் மொத்தம் நாளுக்கு 400, 500 மி.லி.க்கு மேல் வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்த குழந்தை சோறு தொடாது, இரும்புச்சத்தும் குறையும்.

ஒரு வேளை 30 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. வாயைத் திருப்பினால் விட்டுவிடுங்கள், அடுத்த வேளை வருகிறதே. மூக்கைப் பிடித்து ஊட்டுவது, கையைக் கட்டி ஊட்டுவது, செல்போன் காட்டி ஏமாற்றி ஊட்டுவது எல்லாம் இரண்டு வாரத்துக்கு எடை காட்டும். அதற்குப் பிறகு கரண்டியைப் பார்த்தாலே குழந்தை அழும், அந்தப் பயத்தைத் தீர்க்க மாதக்கணக்கில் தெரபி வேண்டும். நேராக உட்கார வைத்து, கால் தொங்காமல் ஊன்றக் கொடுத்து ஊட்டுங்கள். முடிந்ததும் 20, 30 நிமிடம் படுக்கப் போடாதீர்கள்.

நிறைய ஊட்டியும் எடை நின்றால் முதலில் மலத்தைக் கவனியுங்கள். மலச்சிக்கல் உள்ள வயிற்றில் பசி எடுக்காது, வீட்டார் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அடுத்து எதுக்களிப்பு: சாப்பிட்டதும் முதுகை வளைத்து அழுவது, ராத்திரி இருமல், புளித்த வாடை. இரண்டுக்கும் மருந்து உண்டு. பசியைத் தூண்டும் சிரப் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்க வேண்டாம், தேவைப்பட்டால் டாக்டரே எழுதுவார். கிரைப் வாட்டர், உரைமருந்து, உரம் எடுப்பது எதுவும் இந்த நோயில் எடை தராது. வயிற்றில் கொஞ்சம் இடத்தை அடைக்கும், அல்லது குழந்தையை நோகடிக்கும்.

ராத்திரிப் பட்டினி

இந்த நோயில் உடனடி ஆபத்து எடைக்குறைவு அல்ல, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது. உடம்பில் சேமிப்பு இல்லை, தலை பெரிது, மூளை கேட்கும் சர்க்கரை அதிகம். ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, காலையில் எழுப்ப முடியாத தூக்கம், எழுந்ததும் சிடுசிடுப்பு அல்லது நடுக்கம் இருந்தால் சந்தேகப்படுங்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு வியர்வையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஃபேன் காற்றிலும் தலை மட்டும் நனைந்து, உடம்பு சில்லென்று இருந்தால் அது வேறு.

காலை முதல் சிறுநீரில் கீட்டோன் ஸ்டிரிப் நனைத்துப் பார்க்கலாம். கீட்டோன் என்பது சர்க்கரை போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் பொருள். டயப்பர் போடும் பிள்ளைக்கு உள்ளே சின்னப் பஞ்சு உருண்டை வைத்து, காலையில் அதைப் பிழிந்தால் போதும். கீட்டோன் அடிக்கடி தெரிந்தால் ராத்திரி இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

அதற்குப் பல டாக்டர்கள் சொல்லும் வழி, படுக்கும் நேரப் பாலில் வேகவைக்காத கார்ன்ஃப்ளவர். கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டு வெள்ளை மாவாக வாங்குங்கள், மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. பச்சை மாவு மெதுவாகச் செரித்து மணிக்கணக்கில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். சூடான பாலில் போட்டால் வெந்துவிடும், பிறகு சாதாரண மாவுதான். ஆறிய பாலில் கலக்கி உடனே குடிக்கக் கொடுங்கள், அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே கொடுங்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள். எவ்வளவு என்பது எடையைப் பொறுத்து டாக்டர் சொல்ல வேண்டியது. ஒரு வயதுக்குக் கீழே இதைச் செரிக்கும் திறன் போதாது, டாக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டி, குழந்தை விழித்திருந்தால் கால் டம்ளர் தண்ணீரில் 2 டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, பிறகு சாப்பாடு. கூப்பிட்டால் திரும்பாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சர்க்கரைக் கரைசலை விரலில் தொட்டுக் கன்னத்தின் உள்ளே தடவியபடியே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரி போகும் நாள்

வடசென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவோருக்கு மெட்ரோ வசதி, சென்ட்ரலில் இறங்கிப் பச்சை லைனுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். ராயபுரம் பக்கமிருந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி அருகில். எங்கே போனாலும் புற நோயாளிகள் வரிசையில் அரை நாள் போகும். பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கையில் இருக்க வேண்டும். நெய் போட்ட இட்லி, அவித்த முட்டை, பிளாஸ்கில் பால். கஞ்சி வேண்டாம், இரண்டு மணி நேர வெக்கையில் புளித்துவிடும்.

'வெறும் வயித்துல வாங்க' என்று ரத்தப் பரிசோதனைக்குச் சொன்னால் அங்கேயே நின்று கேளுங்கள்: 'எத்தனை மணி நேரம்? இந்தக் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கும், முதல் ஆளாக எடுப்பீர்களா?' ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் டாக்டரிடமும் இதையே சொல்ல வேண்டும். பட்டினி போடும் நேரம் முழுக்கக் குளுக்கோஸ் டிரிப் ஓட வேண்டியிருக்கும். வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று மணிக்கணக்கில் பட்டினி வைத்துப் பார்க்கும் பரிசோதனை, இந்த நோய் உறுதியான குழந்தைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. எழுதினால் ஏன் என்று கேட்கலாம்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றி ஒரு வார்த்தை. அது உயரத்துக்கு மட்டுமல்ல, தசை கூடவும் பசி எடுக்கவும் சர்க்கரை நிலைக்கவும் உதவும். ஆனால் உடம்பில் சத்து இல்லாத நேரத்தில் ஊசி சரியாகப் பலன் தராது. சாப்பாட்டை ஒழுங்கு செய்த பிறகே டாக்டர் தொடங்குவதற்கு அதுதான் காரணம், தாமதம் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து இரண்டு வேளை சாப்பாடு நின்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு 'நாளைக்குப் பாப்போம்' சரி, இவர்களுக்கு அன்று ராத்திரியே சர்க்கரை இறங்கும். ராத்திரி டியூட்டியில் இருக்கும் டாக்டர் இந்த நோயை முன்பு பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. நோயின் பெயர், சர்க்கரை இறங்கும் அபாயம், எந்த டிரிப் எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரின் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வையுங்கள். ஒரு போட்டோ அப்பாவின் செல்லிலும் ஆயாவின் செல்லிலும் இருக்கட்டும். எடை மாற மாற அதில் உள்ள அளவும் மாறும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தாள் கேளுங்கள்.